வெப்பத்தின் முன் ஆணும் பெண்ணும்

கடுமையாக உழைக்கும் உடலில் பிறக்கும் வெப்பம் வெளியேறும் வெப்பத்தை மிஞ்சும்போது உடலின் உள்வெப்பம் ஏறிக்கொண்டே போகிறது. அது 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, மூளையும் தடுமாறத் தொடங்கினால், அந்த நிலைக்கு உழைப்பு வெப்பத்தாக்கம் என்று பெயர். அனல் காற்று வீசும் நாட்களில் காற்றோட்டமில்லாத அறையில் முதியவர்களைச் சாய்க்கும் வெப்பத்தாக்கம் வேறு வகை. உழைப்பு வெப்பத்தாக்கம் பெரும்பாலும் இளவயதினரையும் உடல் திடமானவர்களையும் பிடிக்கிறது: நெடுந்தூர ஓட்டக்காரர், பயிற்சியில் இருக்கும் சிப்பாய், செங்கல் சூளைத் தொழிலாளி. தசைகள் செலவிடும் ஆற்றலில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வெப்பமாகிவிடுகிறது. அந்த வெப்பத்தை இறக்க உடலுக்குள்ள முக்கிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேலேயே முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டுப் போகும். ஆவியாகாமல் சொட்டித் தரையில் விழுந்த வியர்வையால் உடலுக்குத் தண்ணீர் நஷ்டம் மட்டுமே.

இந்த நெருக்கடியை ஆண் உடலும் பெண் உடலும் ஒரே மாதிரிதான் எதிர்கொள்கின்றனவா என்பது உடலியல் கேள்வி. அதற்கான விடை சென்ற சில பத்தாண்டுகளில் ஓரளவு தெளிந்திருக்கிறது. அதையடுத்து வரும் கேள்வி தத்துவத்துக்கு உரியது. வேறுபாடு உண்டு என்று நிரூபணமானால், அதிலிருந்து எந்தக் கடமை, எந்தத் தடை, எந்தச் சலுகை பிறக்கிறது? 'இப்படி இருக்கிறது' என்று பேசிக்கொண்டே வந்தவர்கள், இடையில் எந்தக் காரணமும் சொல்லாமல் 'இப்படித்தான் இருக்க வேண்டும்' என்பதற்குத் தாவிவிடுவதை டேவிட் ஹ்யூம் 1739-40இல் வெளிவந்த தம் நூலில் சுட்டிக்காட்டினார். பெண்ணுடல் பற்றிய பேச்சில் அந்தத் தாவல் நேர்ந்த அளவுக்கு வேறெதிலும் நேர்ந்திருக்குமா என்பது சந்தேகமே.

பெண்ணுடல் சூடானதா குளிர்ந்ததா என்ற விவாதம் கிரேக்கத் தத்துவத்தின் தொடக்க காலத்திலேயே எழுந்துவிட்டது. பார்மெனிடஸும் வேறு சிலரும் பெண்களே அதிகச் சூடுள்ளவர்கள் என்றார்கள், எம்பெடோக்ளிஸ் அதற்கு நேர்மாறாகச் சொன்னார் என்று அரிஸ்டாட்டில் பதிவு செய்கிறார். மாதவிடாயை இரத்தப் பெருக்கத்துக்கும் வெப்பத்துக்கும் அடையாளமாக முதல் தரப்பு எடுத்துக்கொண்டது. அரிஸ்டாட்டில் அதே மாதவிடாயை வெப்பக் குறைவின் அடையாளமாகப் படித்தார்: இரத்தத்தைப் பக்குவப்படுத்தி விந்தாக்கும் அளவுக்குப் பெண்ணிடம் வெப்பம் இல்லை என்பது அவர் முடிவு. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் மருத்துவர் கேலன் இன்னும் ஒரு படி மேலே போனார். இயற்கையின் தலையாய கருவி வெப்பம், அது குறைந்ததால் பெண் ஆணைவிட முழுமை குறைந்தவள் என்று எழுதினார். யாருமே அளந்து பார்க்காத ஒரு வேறுபாட்டின் மேல் ஏற்றத்தாழ்வு ஒன்று கட்டி எழுப்பப்பட்டது. ஐரோப்பிய, அரபு மருத்துவ மரபுகளில் அதன் நிழல் பல நூற்றாண்டுகள் நீடித்தது. 1868இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வுண்டர்லிக் திரளான நோயாளிகளின் வெப்பத்தை வெப்பமானியால் அளந்து நூல் வெளியிட்டபோது, பெண்களின் இயல்பான வெப்பநிலை ஆண்களுடையதைவிடச் சற்றே கூடுதல் என்று குறித்தார். கேலனின் கோட்பாட்டுக்கு அடியில் இருந்த கல்லே அங்கு இல்லை. ஒரே உடற்குறியிலிருந்து இரண்டு எதிர் முடிவுகளை இரு தரப்பும் எடுத்த அந்தப் பழைய விவாதம் இன்றைக்கும் எச்சரிக்கையாக இருக்கத்தக்கது. சான்று தானாக எதையும் பேசவில்லை, கேட்டவர்களே அதற்குக் குரல் கொடுத்தார்கள்.

இப்போதைய உடலியல் சொல்வது இவற்றைவிட நுட்பமானது. சராசரியாகப் பெண்ணின் உடல் எடை குறைவு, தசையும் குறைவு. ஆகவே அதே வேகத்தில் ஓடும்போது உள்ளே பிறக்கும் மொத்த வெப்பமும் குறைவு. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். டம்ளர் காபி ஆறும் வேகத்தில் அண்டாவில் காய்ச்சிய பால் ஆறுவதில்லை. சிறிய உடலுக்கும் அந்த அனுகூலம் உண்டு. காற்று தோலைவிடச் சூடாக இருக்கும் இடத்தில் அந்த அனுகூலமே பாதகமாகிவிடும். அங்கே பரந்த தோல் வெளி வெப்பத்தையும் கூடுதலாக உள்ளே இழுக்கிறது.

வியர்வையிலும் வேறுபாடு தெரிகிறது. ஒரு சதுர சென்டிமீட்டரில் சுரக்கும் வியர்வைச் சுரப்பிகள் பெண்ணுக்கு அதிகம், ஒவ்வொன்றும் சுரக்கும் அளவு குறைவு. கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் கக்னோனும் கென்னியும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு வெப்பம் உள்ளே பிறக்குமாறு உழைப்பைத் திட்டமிட்டு ஒப்பிட்டார்கள். அளவான வெப்பச் சுமையில் இரு பாலாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. சுமை ஒரு வரம்பைத் தாண்டிய பிறகுதான் பெண்களின் வியர்வை ஆண்களின் அளவுக்கு ஏறாமல் நின்றது. வியர்க்கத் தொடங்கும் உள்வெப்பமும் இருவருக்கும் ஒன்றே. வெப்பம் மேலும் ஏற ஏற வியர்வை எவ்வளவு பெருகுகிறது என்பதில்தான் பிரிவு. வறண்ட அனலில் இது ஆணுக்குச் சாதகம். கடற்கரையோரப் புழுக்கத்தில் கணக்கு மாறிப்போகிறது. காற்று ஈரத்தால் நிறைந்திருக்கையில் கூடுதல் வியர்வை ஆவியாக இடமில்லை. ஆண் அதிகம் வியர்த்து அதிகம் வீணாக்குகிறான், பெண்ணுடல் தண்ணீரைச் சேமிக்கிறது. ஆக, வெப்பம் தாங்குவதில் யார் மேல் என்ற கேள்விக்கு எந்த ஊரில், எந்த வேலையில், எவ்வளவு நேரம் என்று கேட்காமல் விடை சொல்லவே முடியாது.

மாதவிடாய்ச் சுழற்சி இந்த விவாதத்தில் எப்போதும் முன்னுக்கு வரும் பொருள். கருமுட்டை வெளியான பிந்தைய அரைச் சுழற்சியில் புரோஜெஸ்ட்ரான் ஹார்மோன் ஓய்வுநிலை வெப்பத்தை 0.3 முதல் 0.5 டிகிரி வரை உயர்த்துகிறது. வியர்வை தொடங்கும் புள்ளியும் அதற்கேற்ப மேலே நகர்கிறது. ஆனால் கடும் உழைப்பின்போது உடல் வெளியேற்றும் மொத்த வெப்பத்தை அளந்தால் இந்த நகர்வால் பெரிய இழப்பு எதுவும் தெரிவதில்லை. ஒருவருடைய உடல் தகுதி, வெயிலுக்குப் பழகியிருத்தல், முந்தைய இரவின் தூக்கம், அண்மையில் வந்துபோன காய்ச்சல் ஆகியவை இதைவிடப் பெரிய காரணிகள். வெயிலில் படிப்படியாக வேலையைக் கூட்டிக்கொண்டே போனால் 10 முதல் 14 நாட்களில் உடல் பழகிவிடும் என்பதும் இரு பாலாருக்கும் பொது.

ஓர் அளவுகோல் எப்படி வேறுபாட்டைத் தானே உண்டாக்கிவிடும் என்பதற்கு இஸ்ரேலிய இராணுவ மருத்துவத்தில் உருவான வெப்பத் தாங்குதிறன் சோதனை நல்ல எடுத்துக்காட்டு. 40 டிகிரி வெப்பமும் 40 சதவீத ஈரப்பதமும் உள்ள அறை. 2 சதவீதச் சரிவுள்ள ஓடுபட்டை. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு மணி நேர நடை. உள்வெப்பமும் நாடித்துடிப்பும் ஒரு நிலையில் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் தாங்குதிறன் இல்லை என்று முடிவு. இதில் பெண்கள் ஆண்களைவிட அதிகம் தோற்றார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் விஷயம் தீர்ந்தது. ஆனால் சோதனை எல்லாருக்கும் ஒரே வேகத்தை விதிக்கிறது. உயர்ந்தபட்ச ஆக்சிஜன் கொள்ளளவு குறைந்த ஒருவருக்கு அந்த வேகம் அவருடைய மொத்தத் திறனில் பெரிய பங்கைப் பிடுங்கிக்கொள்ளும். ஆக்சிஜன் கொள்ளளவைக் கணக்கில் சேர்த்து அமெரிக்க ஆய்வாளர்கள் மறுபடி பார்த்தபோது பால் வேறுபாடு என்று தோன்றியதில் பெரும்பகுதி உடல் தகுதியின் வேறுபாடாகக் கரைந்தது. குறைந்த தகுதியுள்ள ஆணும் அதே சோதனையில் தோற்பான், நன்கு பயின்ற பெண் தேறுவாள். பால் என்ற தலைப்பின் கீழ் எழுதப்பட்டது பெருமளவுக்கு வேறொரு தலைப்புக்கு உரியது.

அந்தச் சோதனை முடிவோடு முழுதும் ஒத்துப்போகாதவை அமெரிக்கப் படையின் புள்ளிவிவரங்கள். உயிருக்கு உலைவைக்கும் வெப்பத்தாக்கம் அங்கே ஆண்களிடையே அதிக விகிதத்திலும், அதற்கு முந்தைய படியான வெப்ப அயர்ச்சி அண்மை ஆண்டுகளில் பெண்களிடையே அதிக விகிதத்திலும் பதிவாகின்றன. பெரிய தசை அதிக வெப்பம் பிறப்பிப்பது ஒரு காரணமாகலாம். அபாயகரமான பணிகளில் ஆண்களை அதிகம் நிறுத்துவதும், சோர்வை ஒப்புக்கொண்டு ஒதுங்கி உட்கார ஆண்கள் கூசுவதும் காரணங்களாகலாம். உடல் எங்கே முடிகிறது, வளர்ப்பு எங்கே தொடங்குகிறது என்று இந்த எண்களை வைத்துப் பிரிக்க வழியில்லை. ஜான் ஸ்டூவர்ட் மில் 1869இல் எழுப்பிய வாதம் இங்கே அப்படியே பொருந்துகிறது. ஆணும் பெண்ணும் ஒரு குறிப்பிட்ட உறவுநிலைக்குள் வைத்தே எப்போதும் பார்க்கப்பட்டிருக்கிறார்கள்; அந்த நிலைக்கு வெளியே அவர்களுடைய இயல்பு இன்னது என்று தமக்குத் தெரியும் என எவரும் உரிமை கொண்டாட முடியாது என்றார் அவர்.

வளர்ப்பும் வெட்கமும் கைதட்டலும் இல்லாத உயிர்களிடம் இதைச் சோதித்தால் என்ன தெரியும்? ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிளான்டன் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், சூடான அறையில் சக்கரத்தில் ஓடிய சுண்டெலிகளில் பெண் எலிகள் ஆண் எலிகளைவிடக் கூடுதல் நேரம் ஓடிய பிறகே சுருண்டன. அத்தோடு கதை முடியவில்லை. அதே ஆய்வுக்கூடத்தின் பிந்தைய ஆய்வில், உயிர்பிழைத்து நலமாகிவிட்டதாகத் தோன்றிய பெண் எலிகளின் இதயத் தசையில் ஒன்பது, பதினான்கு நாட்கள் கழித்து வளர்சிதை மாற்றக் கோளாறு தென்பட்டது. ஆண் எலிகளிடம் அது அந்த அளவுக்கு இல்லை. எலியிலிருந்து மனிதருக்கு நேராகப் பாலம் போட முடியாது. ஆனால் கேள்வியைக் கேட்கும் முறையை இது மாற்றிவிடுகிறது. அதிக நேரம் தாங்கிய உடலே பிறகு அதிகம் பாதிக்கப்பட்ட உடலாகவும் இருக்கக் கூடும். 'வலிமை', 'பலவீனம்' என்ற இரண்டே பெட்டிகளில் இதை எந்தப் பெட்டியில் வைப்பது? பெட்டிகள்தான் பொருந்தவில்லை.

வேறுபாட்டிலிருந்து விதிக்குத் தாவியதன் விளைவை விளையாட்டு வரலாறு பளிச்சென்று காட்டுகிறது. 1912 ஜூலை 14 அன்று ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மராத்தானில் போர்ச்சுகலின் பிரான்சிஸ்கோ லாசாரோ வெயிலில் ஓடி விழுந்து மறுநாள் இறந்தார். வெயில் சுடாமலிருக்க அவர் உடலெங்கும் பூசியிருந்த மெழுகு வியர்வையை அடைத்துவிட்டது என்பது பரவலான விளக்கம். 1954இல் வான்கூவரில் நடந்த பிரிட்டிஷ் பேரரசு விளையாட்டுகளின் மராத்தானில் ஜிம் பீட்டர்ஸ் மற்றவர்களை வெகுதூரம் பின்னால் விட்டு அரங்குக்குள் வந்து, திரும்பத் திரும்ப விழுந்து எழுந்து, கடைசிக் கோட்டைத் தொடாமலே தூக்கிச் செல்லப்பட்டார். ஆணுடல் மராத்தானுக்கு ஏற்றதல்ல என்று எந்த அமைப்பும் விதி எழுதவில்லை. லாசாரோவின் சாவு தனி ஒருவரின் துயரமாகவும் பீட்டர்ஸின் வீழ்ச்சி வீரமாகவும் நினைவில் நின்றன.

1928 ஆகஸ்ட் 2 அன்று ஆம்ஸ்டர்டாமில் முதன்முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் நடந்தது. ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலக சாதனையோடு வென்றார். ஜப்பானின் ஹிதோமி கினுஎ இரண்டாவதாக வந்தார். இறுதிச் சுற்றில் ஓடிய ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தார்கள். முடித்ததும் சிலர் புல்லில் சாய்ந்து மூச்சு வாங்கினார்கள், ஆண்கள் எந்த ஓட்டத்துக்குப் பிறகும் செய்வதுபோலவே. பெண்கள் வரிசையாக மயங்கி விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தப் பந்தயம் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டு, 1960 ரோம் ஒலிம்பிக் வரை 32 ஆண்டுகள் திரும்பி வரவில்லை. 1966இல் பாஸ்டன் மராத்தானுக்கு விண்ணப்பித்த பாபி கிப், பெண்களின் உடலால் அவ்வளவு தூரம் ஓட இயலாது என்ற பதிலைப் பெற்றார். தொடக்கக் கோட்டருகே புதரில் மறைந்திருந்து ஓட்டத்தில் கலந்து, முழுத் தூரத்தையும் ஓடி முடித்தார். பெண்களுக்கான ஒலிம்பிக் மராத்தான் 1984இல்தான் வந்தது. ஓர் ஆண் செத்தபோதும் விதி எழுதப் போதாத சான்று, ஒரு பெண் மூச்சு வாங்கியபோதே போதுமானதாகிவிட்டது. இந்த அநீதியின் வேர் உடலியல் தவறில் இல்லை, அந்தக் காலத்து உடலியல் சரியாகவே இருந்திருந்தாலும் அது அநீதிதான். ஆணின் விபத்து அவனுடையது, பெண்ணின் விபத்து அவள் இனத்துடையது என்ற இரட்டைக் கணக்குதான் அதன் வேர்.

பிளேட்டோ 'குடியரசு' நூலின் ஐந்தாம் பகுதியில் இதற்குத் தேவையான கருவியை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார். வழுக்கைத் தலையரும் முடியுள்ளவரும் இயல்பில் வேறுபட்டவர்கள். அதனால் ஒருவர் செருப்புத் தைத்தால் மற்றவர் தைக்கக் கூடாது என்று யாராவது சொல்வார்களா என்று சாக்ரடீஸ் கேட்கிறார். எந்த வேலையைப் பற்றிய பேச்சோ அந்த வேலைக்குத் தொடர்புடைய வேறுபாடு மட்டுமே கணக்கில் வரும். பெண்கள் பொதுவாக வலிமை குறைந்தவர்கள் என்ற எண்ணத்தை அதே உரையாடல் ஏற்றுக்கொள்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பல பெண்கள் பல ஆண்களைவிடப் பலவற்றில் மேலானவர்கள் என்று அங்கேயே ஒப்புக்கொள்ளப்படுகிறது. சராசரிக்கும் தனி ஆளுக்கும் உள்ள தூரம் அந்த ஒப்புதலில் தெரிகிறது. வியர்வை அளவில் ஆண்களின் சராசரியும் பெண்களின் சராசரியும் விலகி நிற்கின்றன என்பது உண்மை. இரு கூட்டத்தின் பரவலும் ஒன்றன்மேல் ஒன்று பெரிதும் படிந்திருக்கின்றன என்பதும் அதே அளவு உண்மை. முன்னால் நிற்கும் ஒருத்தியைப் பற்றிச் சராசரி சொல்லும் செய்தி மிகக் குறைவு. அவளுடைய எடை, பயிற்சி, நேற்றைய தூக்கம் ஆகியவை அதைவிட அதிகம் சொல்லும்.

சமய மரபுகள் இந்தக் கேள்வியை வெயிலிலேயே நிறுத்திக் கேட்டிருக்கின்றன. சமணத் துறவில் ஆதாபனை என்றொரு தவம் உண்டு: கைகளை உயர்த்தி, சூரியனை நோக்கி, சுடும் வெயிலில் நின்று வெப்பத்தைத் தாங்குவது. சுவேதாம்பர ஆகமமான பிருகத்கல்ப சூத்திரம் பெண் துறவிகள் ஊருக்கு வெளியே இதைச் செய்யக் கூடாது என்கிறது. உறைவிடத்தின் சுற்றுவேலிக்குள், ஆடை போர்த்தி, கைகளைத் தொங்கவிட்டு, இரு பாதங்களையும் சமமாக ஊன்றிச் செய்ய அனுமதி உண்டு. பெண்ணுடல் வெப்பத்தைத் தாங்காது என்று இந்த விதி எங்கும் சொல்லவில்லை. வெப்பம் இரு பாலாருக்கும் அனுமதிக்கப்பட்டதே. விலக்கப்பட்டது பொதுவெளியில் தனித்து நிற்கும் கோலம். அபாயம் சூரியனிடமிருந்து வரவில்லை, ஆண்களின் கண்ணிலிருந்து வந்தது. இன்னொரு சமண ஆகமமான ஞாதாதர்மகதாவில் வரும் சுகுமாலிகை என்ற துறவினி தலைவியின் சொல்லை மீறிச் சம்பா நகருக்கு வெளியே ஒரு பூங்காவின் அருகே ஆதாபனை செய்கிறாள். அங்கே அவள் மனத்தைக் கலைப்பது வெயில் அல்ல, ஐந்து ஆடவர் சூழ இருந்த ஒரு கணிகையின் காட்சி. மறுபிறவியில் அவளே திரௌபதி.

அதே சமணத்துக்குள் இன்னும் ஆழமான வழக்கு ஒன்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நடந்திருக்கிறது: பெண் உடலோடேயே வீடுபேறு கிட்டுமா? தமிழ்ச் சமணர் பொன்னூர் மலையோடு சேர்த்து நினைக்கும் குந்தகுந்தரின் பெயரில் வழங்கும் சூத்திரப்பாகுடம் பெண்ணுடலின் உறுப்புகளில் நுண்ணுயிர்கள் தோன்றி மடிவதால் அவளுக்கு முழுத் துறவு கூடாது என்றது. திகம்பர மரபு அந்த வழியில் நின்றது. 9ஆம் நூற்றாண்டில் யாபனீயப் பிரிவின் சாகடாயனர் ஸ்திரீநிர்வாணப் பிரகரணம் என்ற நூலில் இதை மறுத்தார். வீடுபேற்றுக்கு வேண்டியவை நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்ற மூன்று மணிகள்; பெண்ணாக இருப்பது அந்த மூன்றில் எதற்கும் முரண் என்று காட்டாதவரை தடை நிற்காது என்பது அவர் வாதத்தின் சாரம். பிளேட்டோவின் செருப்புத் தைப்பவரை அறியாத ஒருவர் வேறொரு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்கிறார். உடலில் வேறுபாடு உண்டு என்று சொன்னால் போதாது, அது இந்தக் காரியத்தைத் தடுக்கிறது என்று காட்டும் பொறுப்பு தடை விதிப்பவரைச் சேர்ந்தது.

இன்று வெப்பத்தோடு நேருக்கு நேர் நிற்கும் மிகப் பெரிய சமயக் கடமை ஹஜ். 2024 ஜூனில் மக்கா பெரிய பள்ளிவாசலில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஹஜ்ஜில் 1,300 பேருக்கு மேல் இறந்தார்கள். அரஃபாத்திலும் மினாவிலும் திறந்த வெயிலில் கிலோமீட்டர் கணக்கில் நடப்பதால் முதியவர்களுக்குரிய வெப்பத்தாக்கமும் உழைப்பால் வருவதும் அங்கே கலந்தே வருகின்றன. கடமையின் வரையறையிலேயே உடல் வந்துவிடுகிறது: சென்றுவர இயன்றவருக்கே ஹஜ் கடமை என்கிறது குர்ஆன். இயலுமா என்ற கேள்வி ஆளைப் பார்த்துக் கேட்கப்படுகிறது. கஸ்அம் குலத்துப் பெண் ஒருத்தி, ஒட்டகத்தில் நிலையாக உட்காரவும் முடியாத முதிய தந்தைக்காகத் தான் ஹஜ் செய்யலாமா என்று கேட்டபோது நபிகள் ஆமென்றார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் உறுதியாகப் பதிவான செய்தி. இயலாத உடல் அங்கே ஆணுடையது, அதன் கடமையை ஏற்றுச் சுமந்தது பெண்ணுடல். ஹஜ் தலங்களில் ஒன்றான முஸ்தலிஃபாவிலிருந்து கூட்ட நெரிசலுக்கு முன்பே இரவில் புறப்பட நபிகளின் துணைவியார் சவ்தா அனுமதி பெற்றார். கனத்த உடலும் மெதுவான நடையும் உள்ளவர் என்பது அங்கே சொல்லப்படும் காரணம். பின்னாளில் சட்ட அறிஞர்கள் அந்தச் சலுகையைப் பெண்கள், முதியோர், நலிந்தோர் என்று வகைப்படுத்தி விரித்தார்கள். வகைப்படுத்தல் இல்லாமல் இலட்சக்கணக்கானோர் கூடும் இடத்தில் சட்டம் இயங்காது என்பது நியாயம்தான். ஆனாலும் முதலில் கேட்கப்பட்டது வகைக்காக அல்ல. கேட்டவர் தம் உடலை அறிந்து கேட்டார்.

ஸபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஏழு முறை செல்லும் சயீயில் பச்சை விளக்குகளுக்கு நடுவே ஆண்கள் மெல்ல ஓடுகிறார்கள், பெண்கள் நடக்கிறார்கள். அந்த ஓட்டம் பாலைவனத்தில் தாகித்த குழந்தைக்குத் தண்ணீர் தேடி ஓடிய ஹாஜரா அம்மையாரின் நினைவு. பெண்கள் நடப்பதற்குச் சட்ட அறிஞர்கள் சொல்லும் காரணம் மறைவும் கண்ணியமும். உடல் பலத்தை அவர்கள் காரணமாகச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, கொளுத்தும் வெயிலில் அந்தத் தூரத்தை முதலில் ஓடிக் கடந்த உடல் ஒரு தாயினுடையது.

சிமோன் து பொவ்வார் 1949இல் உடலை ஒரு பொருளாகப் பார்க்காமல் ஒரு சூழ்நிலையாகப் பார்க்கச் சொன்னார். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் அதன் பொருள் கண்முன் நிற்கிறது. பாத்திகளின் வெண்மையிலிருந்து எதிரடிக்கும் வெயிலில் உப்பைத் தலைச்சுமையாகத் தூக்கும் பெண்கள் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். தாகம் இல்லாமல் அல்ல. ஒதுங்க ஒரு கழிப்பறை கிடையாது, திறந்த வெளியில் மறைவும் கிடையாது. ஆண் ஓரமாகப் போய்விட்டு வந்து மறுபடி குடிப்பான். வேலையின் நடுவே நீர் வற்றிய உடலில் இரத்த ஓட்டம் தோலுக்குக் குறைகிறது, வியர்வை குறைகிறது, உள்வெப்பம் ஏறுகிறது. அங்கே ஓர் ஆய்வாளர் வெப்பமானியோடு வந்தால் பெண்களின் உள்வெப்பம் கூடுதல் என்று எழுதிக்கொண்டு போகலாம். எண் சரியாகவே இருக்கும். ஆனால் அவர் அளந்தது புரோஜெஸ்ட்ரானையோ வியர்வைச் சுரப்பியையோ அல்ல, கட்டப்படாத ஒரு சுவரை. ஆலோசனை சொல்கிறவர்கள் இந்தப் பெண்களிடம் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வது கொடுமை.

சில வேறுபாடுகளைக் கண்ணுக்குத் தெரியாமல் வைத்திருந்ததும் ஒரு முடிவுதான். 1977இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கருவுறும் வயதுப் பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கியது. அரசு நிதி பெறும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களைச் சேர்க்க வேண்டும் என்ற சட்டம் 1993இல்தான் வந்தது. வெப்ப உடலியலிலும் வெகுகாலம் இளம் ஆண்களையே அளந்து, கிடைத்ததை மனித உடல் என்று எழுதினார்கள். ஆகவே வேறுபாட்டை மறுப்பதால் சமத்துவம் வந்துவிடாது. ஒரு பாலை மட்டும் அளந்த விஞ்ஞானம் மறுபாலுக்குத் தவறான அளவில் தைத்த சட்டையையே கொடுத்தது. தடைக்குச் சான்றாக வேறுபாட்டைத் தேடியவர்களும், சமத்துவத்தின் பேரில் அதைப் பார்க்க மறுத்தவர்களும் ஒரே தவற்றைச் செய்தார்கள்: எதிரில் நின்றவளை அளக்கவில்லை.

உழைப்பு வெப்பத்தாக்கம் எழுப்பும் இன்னொரு கேள்வி மன உறுதியைப் பற்றியது. 1984 ஆகஸ்ட் 5 அன்று லாஸ் ஏஞ்சலீஸில் நடந்த, பெண்களுக்கான அந்த முதல் ஒலிம்பிக் மராத்தானில் சுவிட்சர்லாந்துக்காக ஓடிய 39 வயது காப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் கடைசித் தண்ணீர் நிலையைத் தவறவிட்டு அரங்குக்குள் வந்தார். ஒரு கை தொங்கியது, ஒரு கால் விறைத்திருந்தது, உடல் கோணலாக முறுக்கியிருந்தது. மருத்துவர்கள் நெருங்கினார்கள், தொட்டால் தகுதி போய்விடும் என்று அவர் விலகினார். வியர்ப்பதைக் கண்டு, உடல் இன்னும் தன்னைக் குளிர்வித்துக்கொண்டிருக்கிறது என்று அவர்கள் விட்டுவிட்டார்கள். கடைசி 400 மீட்டரைக் கடக்க 5 நிமிடம் 44 விநாடி ஆனது. 37ஆவதாக முடித்து அவர்கள் கைகளில் சாய்ந்த அவர் இரண்டு மணி நேரத்தில் தேறினார். முடிவு நல்லபடி அமைந்தது. ஆனால் மருத்துவர்கள் எடுத்த தீர்மானத்தின் அடிப்படை உறுதியானதல்ல. உழைப்பு வெப்பத்தாக்கத்தில் பலருக்கு வியர்வை நிற்பதே இல்லை.

தடுமாறும் மூளை 'என்னை விடுங்கள்' என்று சொன்னால் அது யாருடைய சொல்? முழுத் தெளிவோடு இருந்தபோது அவர் எடுத்த முடிவை மதிப்பது சுதந்திரத்தை மதிப்பது. 41 டிகிரியில் வாய் உச்சரிப்பதை அதே எடையில் வைக்க முடியாது; அந்த வெப்பத்தில் முதலில் கெடுவது தன்னைத் தானே மதிப்பிடும் திறன். ஆகவே எந்தக் கட்டத்தில் தன்னைத் தடுத்து நிறுத்தலாம் என்பதை ஓட்டக்காரர் ஓட்டத்துக்கு முன்பே ஒப்புக்கொள்வதுதான் அவருடைய விருப்பத்துக்கு உண்மையான மரியாதை. அந்தக் கட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். விழுந்தெழும் ஆணை வீரன் என்று விட்டுவிட்டுச் சாகவிடுவதும், தள்ளாடும் பெண்ணை மென்மையானவள் என்று முன்கூட்டியே இழுத்து நிறுத்துவதும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள்.

சிகிச்சையில் பால் வேறுபாடு மிக நெருக்கமாக வந்து நிற்கிறது. உழைத்து ஓய்ந்த உடலில் நெற்றி, அக்குள், வாய் ஆகியவற்றின் அளவு ஏமாற்றும். நம்பத்தக்கது மலக்குடலில் வைக்கும் வெப்பமானி மட்டுமே. நோயாளியை மருத்துவமனைக்கு ஏற்றும் முன் அங்கேயே கழுத்துவரை குளிர்நீர்த் தொட்டியில் அமிழ்த்த வேண்டும். அரை மணி நேரத்துக்குள் வெப்பம் இறங்கினால் பிழைப்பு ஏறக்குறைய உறுதி. மாசசூசெட்ஸின் ஃபால்மத் சாலை ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் இப்படிச் சிகிச்சை பெற்ற 274 பேரும் பிழைத்தார்கள். பெண் விழுந்துகிடக்கும்போது கை வைக்கத் தயங்கும் நொடிகள் இந்த அரை மணியிலிருந்தே கழிகின்றன. பொது இடத்தில் இதயம் நின்று விழும் பெண்களுக்கு அருகிலிருப்போர் மார்பு அழுத்தம் கொடுப்பது ஆண்களுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு என்பது அமெரிக்காவில் பதிவான உண்மை. தயக்கத்தின் விலை இங்கும் உயிரே. நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை அனுமதிக்கும் என்ற இஸ்லாமியச் சட்ட நெறியும், உயிர் காப்பதை மற்ற நியமங்களுக்கு மேலாக வைக்கும் பிற சமயங்களின் நெறியும் இந்த இடத்தில் தயங்கச் சொல்லவில்லை. தொட்டியைச் சுற்றி ஒரு திரை, கூட ஒரு பெண் செவிலி, மேலே போர்த்த ஒரு துணி: கண்ணியத்துக்கு இவை போதும், இவை வந்துசேரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. உடுத்திய ஆடையோடேயே தண்ணீரில் இறக்கலாம். தொட்டிக்குள் இறங்கிய பிறகு உடலின் வேறுபாடு மறுபடி வேலை செய்கிறது. எடைக்கு அதிகத் தோற்பரப்பும் குறைந்த தசையும் உள்ள பெண்ணுடல் குளிர்நீரில் சராசரியாக ஆணுடலைவிட வேகமாக ஆறுகிறது. ஆகவே பார்த்துக்கொள்கிறவர் கடிகாரத்தை நம்பாமல் வெப்பமானியையே பார்த்து, 39 டிகிரியை நெருங்கியதும் வெளியே எடுக்க வேண்டும். சிறிய உடலுள்ள ஆணுக்கும் அதே கவனம் வேண்டும்.